பரண் மேல அஞ்சு வருஷம் இருந்த ரெட் வைன்

இன்னைக்கு எபிசோட் ஒரு பாட்டில் வீணாப்போன கதை. குடிக்காதவங்களும் கேட்கலாம். இதுல பாதி கெமிஸ்ட்ரி, பாதி எங்க ஊர் புதுக்கோட்டை.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் பெங்களூர்ல ஒரு டிரை ரெட் வைன் வாங்கினேன். வைன் பழசாக ஆக நல்லா இருக்கும்னு யாரோ சொன்னதை நம்பி, வீட்டுப் பரண்ல நிக்க வச்சுட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு, மச்சான் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி அதை எடுத்தோம். தொட்டுக்க முட்டை மாஸ், காரமான சால்னா. ஒரு வாய் குடிச்சவர், “மாப்ள, இது என்ன கசாயமா?”ன்னு கேட்டார். அடுத்து அவர் லீவுக்கு வர ரெண்டு வருஷம் ஆகும். அந்த ராத்திரியை நான் சொதப்பிட்டேன்.

எங்க தப்பு பண்ணேன்? டிரைன்னா இனிப்பு இல்லாததுன்னு அர்த்தம். திராட்சையோட சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுசா ஆல்கஹாலா மாத்திடும். ரெட் வைன் குடிச்சா நாக்கு இழுக்குமே, அது தோல்லயும் விதையிலயும் இருந்து வர்ற டானின். நமக்குப் புதுசு இல்ல. பாக்கு, வாழைப்பூ, தேயிலைன்னு எல்லாத்துலயும் இருக்கிற துவர்ப்புதான். வயசாக ஆக டானின் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, கொஞ்சம் வண்டலா அடியில தங்கும். துவர்ப்பு மெதுவாகும், புதுப்பழ வாசனை போய் உலர்பழ வாசனை வரும். ஆனா எல்லா வைனும் இதைத் தாங்காது. பெரும்பாலானது சில வருஷத்துலயே குடிக்கத்தான் செஞ்சது. தாங்குற வைனுக்கும் 12 முதல் 15 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, கார்க் காயாம இருக்க படுக்க வச்ச பாட்டில் வேணும். நான் கொடுத்தது புதுக்கோட்டை சித்திரை வெயில்.

சாப்பாடும் தப்பு. ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், டானின் அதை இன்னும் முரடாக்கும். அதுக்குச் சேருறது புரதமும் கொழுப்பும். டானின் நாக்கை விட்டுட்டு அதுங்களோட ஒட்டிக்கும். அதனால மிளகாயைக் குறைச்சு வதக்கின ஆட்டுக்கறி, நல்லி எலும்பு, சீஸ் நல்லா போகும். கறி சாப்பிடாதவங்களுக்கு வெண்ணெயில வதக்கின காளான். பழைய வைன்னா மசாலாவும் கம்மியா இருக்கணும், இல்லன்னா அதோட வாசனையே தெரியாது.

இதெல்லாம் நம்ம ஊருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்னு நினைக்காதீங்க. 1898-ல நம்ம கறுக்காக்குறிச்சியில 500-க்கு மேல ரோமானியத் தங்கக் காசு கிடைச்சுது. 1945-ல அரிக்கமேட்டுல வீலர் தோண்டினப்போ ரோமானிய மது ஜாடித் துண்டுகள் வந்துச்சு. புறநானூறு 56-வது பாட்டுல, யவனர் கொண்டு வந்த வாசனையான தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்துல குடிக்கட்டும்னு நக்கீரர் வாழ்த்துறார். கறுக்காக்குறிச்சி காசு வைனுக்காக வந்ததுன்னு சொல்லல. அந்தக் கடல் வணிகம் நம்ம பக்கமும் தொட்டிருக்கு, அவ்வளவுதான்.

போன வாரம் மச்சான் கால் பண்ணார். “கசாயம் இருக்கா மாப்ள?”ன்னு சிரிச்சார். அவர் வர்றதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. இந்தத் தடவை பாட்டிலை அவர் வர்ற வாரம்தான் வாங்கப்போறேன். அக்காகிட்ட மிளகாய் மட்டும் கம்மின்னு இப்பவே சொல்லி வச்சுட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.