நோன்புக்குள் மறைந்திருந்த நோய்

(கடலூரில் நடந்த குடும்ப நல ஒன்றுகூடலில், சிதம்பரத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் பேசியதன் எழுத்து வடிவம். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் வெளியிடப்படவில்லை.)



நாங்கள் இருவரும் மேடையில் பேசிப் பழகியவர்கள் அல்ல. சிதம்பரத்தில் சிறிய கடை வைத்துப் பிழைக்கிறோம். ஒரு மகள், ஒரு மகன். மகளுக்கு இப்போது 24 வயது. அவளுடைய சம்மதத்தோடுதான் இங்கே வந்திருக்கிறோம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "என் எடை எத்தனை கிலோ என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்று அதில் இருக்கிறது. ஆகவே அதை யாரும் கேட்க வேண்டாம்.

அவள் பட்டப்படிப்பு முடித்து, வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். இரவில் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்பாள். பரீட்சைப் பயம், போய்விடும் என்றோம். முதலில் இரவுச் சோறு நின்றது. பிறகு எண்ணெய் பட்ட எதையும் தொடவில்லை. பிறகு திங்களும் வியாழனும் நஃபில் நோன்பு வைக்க ஆரம்பித்தாள். எங்களுக்கு அதில் பெருமைதான். "எங்கள் பிள்ளை சுன்னத்தான நோன்பெல்லாம் விடுவதில்லை" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம்.

அந்த ஆண்டு ரமலானில் முப்பது நோன்பையும் வைத்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. பெண்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள். வயசுக்கு வந்த ஒரு பெண், மாதம் முழுவதும் ஒரு நாளும் விடாமல் நோன்பு வைத்தால் தாய்க்கு உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு வரவில்லை. பெருநாள் கழித்துத் தனியாகக் கேட்டபோதுதான் அவளுக்கு ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை என்று தெரிந்தது. நோன்பு என்ற பெயரில் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள். நாங்கள் அதைப் பாராட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அதன் பிறகு நாங்கள் செய்தது எல்லாம் தவறு. திட்டினோம். கெஞ்சினோம். எத்தனை இட்லி சாப்பிட்டாள் என்று எண்ணினோம். "இப்படி எலும்பும் தோலுமாக இருந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றோம். சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் சண்டை. அவள் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வயிற்று டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுந்தவள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் சொன்ன பெயர் அனோரெக்ஸியா. கூடவே பதற்ற நோய். உண்ணுதல் கோளாறு என்றால் பணக்கார வெளிநாட்டினருக்கு வருவது என்று நினைத்திருந்தோம். இளவரசி டயானா 1995-ல் பி.பி.சி. பேட்டியில் தனக்கு இருந்த புலிமியாவைப் பற்றிச் சொன்னது எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இத்தகைய கோளாறுகளோடு வந்த பிள்ளைகளைப் பற்றி 2007-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக் காரணத்தால் வரும் வாந்தி. வயிற்றுக்கு மருந்து வாங்கிக்கொண்டே எத்தனை குடும்பங்கள் அலைகின்றனவோ!

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வு நடத்தினார். நல்ல ஆரோக்கியமான 36 வாலிபர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டார்கள். அவர்கள் மனமே மாறிப்போயிற்று. சிடுசிடுப்பு, சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. இரவு பகலாகச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மகளும் கைப்பேசியில் ஓயாமல் சமையல் வீடியோ பார்த்தாள். எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். தான் மட்டும் வாயில் வைக்கவில்லை. அவளுடைய கோபத்தையும் பிடிவாதத்தையும் குணம் என்று நினைத்தோம். அதில் பாதி பட்டினி செய்த வேலை.

"அவள் வேறு, நோய் வேறு. நீங்கள் அவள் பக்கம் நின்று நோயோடு சண்டை போடுங்கள்" என்றார் டாக்டர். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இதுதான்.

பிள்ளை வயது வந்தவள் என்பதால் இதில் ஒரு சிரமம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர் தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கலாம். மருத்துவர் அவருடைய விஷயங்களை வீட்டாரிடம்கூட அனுமதியில்லாமல் சொல்ல முடியாது. தனக்காகப் பேச ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதி நியமித்துக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து என்ற கட்டத்தில் மருத்துவமனையில் சேர்க்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் எங்களுக்குக் கோபம் வந்தது. பெற்ற எங்களுக்கே சொல்ல மாட்டார்களா? ஒரு மாதம் கழித்து, அவளே தாளில் அவளுடைய தாயின் பெயரை எழுதிக் கொடுத்தாள். நாங்கள் அதட்டி வாங்கியிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருந்திருக்காது.

வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். எடை பார்க்கும் கருவியை அவளிடம் கேட்டே அப்புறப்படுத்தினோம். என்ன சாப்பிடுவது என்பதை அவளும் டாக்டரும் டயட்டீஷியனும் பேசி முடிவு செய்தார்கள். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் ஆபத்து என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பதில்லை, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று நாங்கள் ஒப்புக்கொண்டோம். மகன் கிரிக்கெட் கதை சொல்வான். சாப்பிட்டு முடித்த அரை மணி நேரம்தான் அவளுக்குப் பதற்றம் அதிகம். அப்போது யாராவது ஒருவர் கூட உட்கார்ந்திருப்போம். "சாப்பிட்டாயா?" என்று கேட்பதை விட்டு "இன்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கப் பழகினோம். எளிதாக வரவில்லை. இடையில் இரண்டு முறை பழைய நிலைக்கே போனாள். அப்போதும் சிகிச்சையை விடவில்லை.

அடுத்த ரமலான் வந்தது. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழுதாள். "அத்தா, நான் நோன்பு வைக்கலைன்னா எல்லாரும் என்ன நினைப்பாங்க? அல்லாஹ்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். நோயாளிக்கு நோன்பை விட குர்ஆனே அனுமதி கொடுத்திருக்கிறது, மனதிலிருந்து வரும் நோயும் நோய்தான், உண்மையான மருத்துவர் ஆபத்து என்று சொன்னால் அதைக் கேட்பதுதான் மார்க்கம் என்றார். களாவா, பித்யாவா என்பதை உடல் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸல்மான் (ரலி) அவர்களின் சம்பவத்தையும் நினைவூட்டினார். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டேன் என்று சொல்லி, ஸல்மான் அவர்கள் நோன்பை விட வைத்துத் தம்மோடு சாப்பிட வைத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அதைச் சரி என்றார்கள். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலம் மன நலம் இரண்டையும் சேர்த்து ஒரே நூல் எழுதியவர் என்பதும் ஹஜ்ரத் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் முதல் நோன்பன்று பகலில் அவள் தட்டைத் தொடவில்லை. வீடே நோன்பாக இருக்கும்போது தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று அடுப்படியில் நின்றாள். அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். பல ஆண்டாக நோன்பு இல்லை. அவர்தான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "எனக்கும் டாக்டர் நோன்பு வேணாம்னுட்டாரு. உனக்கும் வேணாம்னுட்டாரு. வா, ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம்" என்றார். அந்த ரமலான் முழுவதும் பகல் ஒரு மணிக்கு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பாட்டி ஏன் நோன்பில்லை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மகளை மட்டும் நாலு பேர் கேட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வாலிபப் பிள்ளை நோன்பில்லை என்றால் காரணம் கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் பார்த்ததும் "இளைச்சுட்டே" என்றோ "இப்பத்தான் சதை போட்டிருக்கே" என்றோ சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் காலம் கடத்தாதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம், பெற்றோரும் பேசலாம். அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா என்று அழைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் மனநலப் பிரிவு உண்டு. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஓயாத வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனநோய்களில் அதிகம் உயிர் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று.

மகள் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. சிகிச்சை தொடர்கிறது. சென்ற மாதம் ஒரு பகுதி நேர வேலையில் சேர்ந்திருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். வரும் ரமலானுக்கு டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. நோன்பு கூடாது என்றால் பாட்டி தயாராக இருக்கிறார்.

அவளுக்காகவும், பெயர் சொல்ல முடியாமல் வீட்டுக்குள்ளேயே தவிக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.