வலையில் வந்த காசு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல்காரன் பழங்காசைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று முன்வரிசையில் சிரிக்கிறார்கள். ஒரு காசைக் கெடுத்தவன் என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

என் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். முதலாண்டு லீவுக்குப் போனபோது தாத்தா ஒரு செப்புக்காசைக் கொடுத்தார். இறால் வலையில் சேற்றோடு வந்தது. கறுத்துக் கிடந்தாலும் ஒரு பக்கம் எழுத்து தெரிந்தது. பெரிய 'வி', அதன் இரு கால்களின் மேல் 'ஓ'வும் 'சி'யும். "படிச்ச பையன் நீ, என்னன்னு பாருடா" என்றார். நான் அதை நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். அமிலம் அழுக்கை மட்டுமா தின்னும்? செம்பையும் தின்றது. காசு பளபளத்தது, எழுத்து போய்விட்டது. தாத்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வெளுத்துட்டே" என்றார். அவ்வளவுதான்.

அந்த மூன்று எழுத்து, 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1613-ல் நம்மூரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். இங்கேயே நாணயச் சாலையும் வைத்துத் தங்க வராகன் அடித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த 'கோபான்' தங்கக்காசுகூட உருக்கப்பட்டு இந்தக் கரையில் வராகனாயிற்று. அந்தப் பணம் துணிக்குத்தான். சோழமண்டலத் துணிக்குக் கிழக்கே அப்படியொரு கிராக்கி.

அப்படியானால் அத்தனை வராகனும் எங்கே? உருகிப் போயின. 1818-ல் சென்னை ராஜதானியில் வராகன் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்தது. மீதியைத் தட்டான் உலை பார்த்துக்கொண்டது. தாலியாகவும் கம்மலாகவும் நம் பாட்டிமார் கழுத்தில், காதில் இருந்திருக்கும்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1822-ல் அங்கே ஐந்து டாலர் தங்கக்காசு 17,796 அடித்ததாகக் கணக்கு. இன்று தெரிந்தவை மூன்றே மூன்று. முகவிலையைவிட உள்ளே இருந்த தங்கத்தின் விலை ஏறியதால் மற்றவை உருக்கப்பட்டன. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றாவது 2021-ல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆக, எத்தனை அடித்தார்கள் என்பதல்ல, எத்தனை மிஞ்சியது என்பதே கேள்வி. மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறையை ஷெல்டன் என்பவர் 1949-ல் அங்கே கொண்டுவந்தார். நம் செமஸ்டர் மார்க் மாதிரிதான், ஆனால் ரீவேல்யுவேஷனில் தேறாது. ஒருமுறை தேய்த்தது தேய்த்ததுதான்.

இரண்டு வருடம் முன்பு அத்தை, மகனின் காலேஜ் ஃபீஸுக்காக, மாமியார் வழி வந்த வராகனை விற்கக் கிளம்பினார். ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் புள்ளிப் புள்ளியாக இருக்கும் காசு. மூன்று கிராம் சொச்சம். கடைக்காரர் தேய்மானம் கழித்து எடைக்கு விலை சொன்னார். "நிறுத்துங்க அத்தை, இது லட்சக்கணக்கில் போகும்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். காசு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஓரத்தைப் பிடித்து லென்ஸில் பார்த்தார். சரட்டில் கோக்க வளையம் பற்றவைத்த இடத்தைக் காட்டினார். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இதே மாதிரியில் அடித்ததால் எந்த ஊர்க் காசு என்றும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்க விலைக்குமேல் கொஞ்சம்தான் தருவேன் என்றார்.

ஆசை காட்டியவன் நான். ஃபீஸை நானே கட்டினேன், காசு அத்தையிடமே இருக்கிறது. "அன்னிக்கே வித்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்" என்று அத்தை இன்னும் சொல்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். நூறு வருடம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் விடாது. உப்பேரியில் கிடந்த செம்பில் பச்சைப் பொடி பூத்தால் ஈரம் படாமல் வையுங்கள். புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேண்டாம்.

தாத்தாவின் காசைக் கொண்டுவந்திருக்கிறேன். வரிசையாக அனுப்புகிறேன், பார்த்துவிட்டுக் கொடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'வி'யின் ஒரு கால் மட்டும் இன்னும் தெரியும்.