பிளாஷ் ஒளியை அடக்கியாளுதல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புகைப்படக் கலையில் ஒளியை உண்டாக்குவது எளிது. அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதே அரிது. 1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வருமுன் மக்னீசியப் பொடியைக் கொளுத்தியே இருளில் படமெடுத்தனர். அறையெல்லாம் புகை மண்டும். இன்றோ விரல் நுனியில் மின்னல்! ஆயினும், தாராவியில் பத்தடி அறைக்குள் எடுத்து ஊருக்கு அனுப்பும் படங்களை நோக்குங்கள். பாட்டியின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும்; பின்சுவரில் கருநிழல்; அலமாரிக் கண்ணாடியில் ஒரு தீப்பந்தம். பல இல்லங்களில் பின்னாளில் மாலையிட்டு மாட்டப்பெறுவதும் அப்படமே அன்றோ?

முதல் வேலை, நாற்காலியைச் சுவரினின்று நகர்த்துவது. விளக்குக்கு நான்கடியில் முகமும் எட்டடியில் சுவரும் இருப்பின், முகத்தில் விழும் ஒளியில் கால் பங்கே சுவரை அடையும். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது விதி. பத்தடி அறையில் இடமேது என்பீர்கள். கட்டிலைச் சிறிது நேரம் வெளியே போட்டால் இடம் பிறக்கும்!

அடுத்து, விளக்கைக் கேமராவினின்று பிரித்து, பக்கவாட்டில், கண்மட்டத்திற்குச் சற்று மேலே வைப்போம். கறுப்பு அட்டையைச் சாண் நீளக் குழலாகச் சுருட்டி அதன் வாயில் பொருத்துவோம். குழல் நீள நீள ஒளிவட்டம் சுருங்கும். உட்புறமும் கறுப்பாயிருத்தல் வேண்டும். வெள்ளையாயின் ஒளி மீண்டும் சிதறும். இக்குழல் ஒளியைப் பெருக்குவதன்று; வேறிடம் செல்வதைத் தடுப்பதே. உண்மையாகக் குவிக்க வில்லையோ குழியாடியோ வேண்டும். வட்டத்தின் விளிம்பு கத்திவெட்டாய்த் தோன்றினால், காகித உறிஞ்சுகுழல்களுக்குக் கறுப்பு மை தீட்டி, அங்குல நீளத்தில் நறுக்கி, தேன்கூடுபோல் நெருக்கி அடுக்கி விளக்கின் முன் வைக்கலாம். விளிம்பு மெல்ல மங்கி இருளோடு கலக்கும். கடையில் விற்கும் கருவிக்கு இது சளைத்ததன்று.

1946-இல் பூனாவில் காந்தியடிகளை இராட்டையருகே படமெடுக்க வந்த மார்கரெட் போர்க்-ஒயிட் அம்மையாருக்கு மூன்றே பல்புகள் அனுமதிக்கப்பட்டன. இரண்டு பயன்படாமற் போயின, மூன்றாவதே கைகொடுத்தது. அன்று அமைந்த புகழ்பெற்ற படத்தில் சாளரத்தின் ஒளியும் பின்னிருந்து வருவதைக் காணலாம். நாமும் கதவைத் திறந்து வைப்போம்.

முதியோர் கண்கள் மின்னலைப் பலமுறை தாங்கா. ஆதலின் முதலில் பேரனை அந்நாற்காலியில் அமர்த்தி, ஒளி விழுமிடத்தைச் சோதித்துக்கொள்வோம். பாட்டியை அழைப்பது அதன் பிறகே.