மடங்கவும் வேண்டும், தாங்கவும் வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். எங்களில் ஒருவர் செயற்கை அவயவங்களும் தாங்கிகளும் செய்து பொருத்துபவர். மற்றவர் இயன்மருத்துவர். இதே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து பௌதிகவியல் படித்தோம். தொழில் பற்றிப் பேசுங்கள் என்று சங்கம் கேட்டபோது, எல்லாவற்றையும் தொட்டுப் போவதிலும் பார்க்க ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தோம். அது மூட்டு. பொய்க்கால் என்றதும் பாதத்தையும் தோல் நிறத்தையும்தான் பலர் நினைக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே காலை இழந்த ஒருவரின் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது நடுவிலே இருக்கும் அந்தப் பிணைச்சல்தான்.

முதலில் ஒரு பழைய குறும்பை நினைவுபடுத்துகிறோம். காலைப் பிரார்த்தனையில் வரிசையாக நிற்கும்போது, பின்னால் நிற்பவர் தன் முழங்காலால் முன்னால் நிற்பவரின் முழங்கால் மடிப்பை மெல்லத் தட்டுவார். முன்னால் நிற்பவர் சட்டென்று மடிந்து போவார். இதைச் செய்யாதவர்கள் கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா, ஒரு கையும் இல்லை!

அந்தக் குறும்பில்தான் எங்கள் தொழிலின் முதற்பாடம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது உடலின் எடைக்கோடு முழங்காலின் அச்சுக்குச் சற்று முன்னாலே விழுகிறது. எடையே முழங்காலை நேராக அழுத்தி வைத்திருக்கிறது. தசைக்கு அதிக வேலை இல்லை. பின்னாலிருந்து தட்டியதும் அச்சு முன்னே நகர்ந்துவிடுகிறது. எடைக்கோடு அச்சுக்குப் பின்னால் போன அந்தக் கணத்திலே கால் மடிகிறது. நமக்குத் தொடைத் தசை உடனே இழுத்துப் பிடித்துக் காப்பாற்றிவிடும். செயற்கைக் காலில் அந்தத் தசை இல்லை. ஆகவே ஒரு முழங்கால் மூட்டைப் பார்த்து நாங்கள் கேட்கும் முதற்கேள்வி, அது எப்படி மடங்குகிறது என்பதல்ல. மடங்கக் கூடாத நேரத்தில் மடங்காமல் இருக்குமா என்பதே.

இந்தக் கேள்வி மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டிலே பிரான்சின் சத்திரசிகிச்சையாளர் அம்புறோஸ் பாரே வடிவமைத்த செயற்கைக் காலில், நிற்கும்போது பூட்டிக்கொண்டு, அமரும்போது கயிற்றை இழுத்துத் திறக்கும் முழங்கால் இருந்தது. 1815 இல் வாட்டர்லூப் போரில் காலை இழந்த ஆங்கிலேயப் பிரபு ஒருவருக்கு ஜேம்ஸ் பொட்ஸ் என்பவர் செய்த மரக்காலில், முழங்கால் மடியும்போது முன்பாதம் தானாக உயரும்படி உள்ளே விலங்கின் குடலாலான நாண்கள் பூட்டப்பட்டிருந்தன. நிலத்தில் விரல் இடறாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. இன்றைய மூட்டுகளும் அதே இரண்டு கவலைகளுக்குத்தான் விடை தேடுகின்றன: மடிந்து விழக்கூடாது, இடறி விழக்கூடாது.

மிக எளிய விடை பூட்டு. நடக்கும்போது மூட்டு பூட்டியே இருக்கும். அமருவதற்கு முன் தொடையின் வெளிப்புறத்திலுள்ள நெம்பையோ கயிற்றையோ இழுத்தால் திறக்கும். மலிவானது, நம்பகமானது. கம்போடியாவில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1990களில் வளர்த்தெடுத்த பொலிபுரொப்பிலீன் பிளாஸ்ரிக் முறையிலும் இப்படிப் பூட்டும் முழங்கால் உண்டு. ஆனால் விறைத்த காலோடு நடப்பவர் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைத் தூக்கவோ காலை வெளியே வட்டமாகச் சுழற்றவோ வேண்டும். இதனாலேயே அக்காலைச் சுமார் 1 சென்ரிமீற்றர் கட்டையாகச் செய்வோம். மாலையானதும் நாரி நோகிறது என்பார்கள். அது காலின் நோவல்ல, பூட்டின் நோவு.

அடுத்தது, எடை ஏறினால் பிடிக்கும் மூட்டு. சைக்கிள் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காலில் எடை இறங்கும்போது உள்ளே பிரேக் இறுகும், எடை நீங்கியதும் தளரும். இதற்கு அன்பு மிகுதியால் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. பிரேக்குக்கு எண்ணெய் போட்டால் என்ன நடக்கும் என்று சைக்கிள் ஓடும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்குப் பிரியமானது நான்கு தண்டு மூட்டு. இதிலே ஒற்றை அச்சு இல்லை. மேல், கீழ், முன், பின் என நான்கு தண்டுகள் நான்கு ஆணிகளில் இணைந்திருக்கின்றன. முன் தண்டின் வழியாகவும் பின் தண்டின் வழியாகவும் மேல்நோக்கிக் கோடு கீறினால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தில் ஆணியும் இல்லை, இரும்பும் இல்லை, வெறும் புள்ளி. ஆனாலும் மூட்டு அந்தக் கணத்தில் அப்புள்ளியைச் சுற்றியே திரும்புகிறது. கால் நேராக இருக்கும்போது அப்புள்ளி முழங்காலுக்கு மேலேயும் பின்னாலேயும் நிற்கும். எடைக்கோடு முன்னால் விழ, கால் உறுதியாக நிற்கும். மடியத் தொடங்கியதும் புள்ளி கீழே இறங்கி முன்னே வரும். பிறகு மடிவது இலகு. அத்தோடு மடியும்போது காலின் நீளம் சற்றுக் குறைவதால் விரல் நிலத்தில் தட்டாது. உயர்தரப் பிள்ளைகளே, இது உங்கள் விசைத்திருப்பப் பாடத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களும் ஜெய்ப்பூர் அமைப்பினரும் சேர்ந்து உருவாக்கிய மலிவு விலை நைலோன் முழங்கால் இந்த வகையே. அதை 2009 இல் ரைம் சஞ்சிகை அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது.

கணினி பூட்டிய முழங்கால்களும் இருக்கின்றன. 1997 இல் ஜேர்மனியின் ஒட்டோ பொக் நிறுவனம் வெளியிட்ட சீ-லெக் அவற்றுள் பெயர் பெற்றது. நடையை அளந்து கணத்துக்குக் கணம் எண்ணெய் அழுத்தத்தை மாற்றும். அருமையான பொருள். பல இலட்சம் ரூபா; தொலைபேசி போல மின்னேற்றவும் வேண்டும். இதற்கு மேல் அதைப்பற்றி இங்கே பேசுவதில் பயனில்லை.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டொக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய பாதத்தில் பிணைச்சலே இல்லை. இறப்பரின் நெகிழ்ச்சிதான் கணுக்கால் மூட்டு. எல்லாப் பக்கமும் வளையும். குந்தலாம், சம்மணமிடலாம், வெறுங்காலோடு வரப்பிலும் நடக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகும் மக்களுக்கு அதன் அருமை தெரியும். 1980களிலேயே அது இலங்கைக்கும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வயதில் மூத்தவர்கள் இன்றைக்கும் எந்தச் செயற்கைக் காலையும் "ஜெய்ப்பூர் கால்" என்றே சொல்வார்கள்.

தாங்கிகளிலும் மூட்டுகள் உண்டு. கால் இருக்கிறது, ஆனால் பலமில்லை என்பவர்களுக்கானவை அவை. எங்கள் அம்மாமார் காலத்தில் போலியோ வந்த பிள்ளைகள் அணிந்த கலிப்பரை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் இரு பக்கமும் முழங்காலில் ஒரு வளையம் இருக்கும். காலை நீட்டினால் அது தன் பாரத்தாலே விழுந்து பூட்டும். இருக்கும்போது இரண்டு கைகளாலும் இரண்டு வளையங்களையும் தூக்க வேண்டும். கையில் புத்தகம் இருந்தால் முடியாது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993 இல். ஆனால் அன்று பாதிக்கப்பட்டவர்கள் இன்று நடுவயதைத் தாண்டி எங்களிடம் வருகிறார்கள். இப்போது முழங்காலின் பின்னால் ஒரு வளைகம்பி வைத்த பூட்டு இருக்கிறது. கதிரையின் விளிம்பில் அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறக்கும். கை சும்மா இருக்கலாம்.

சரி, எந்த மூட்டு நல்லது? இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த விடயம் இருக்கிறது.

நடுவயது அம்மா ஒருவர் வேறோர் இடத்தில் பொருத்திய காலோடு வந்தார். பூட்டும் மூட்டு. அவருடைய அட்டையில் "வீட்டு வேலை" என்று எழுதியிருந்தது. வீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பான மூட்டு போதும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். கணக்குப்படி சரி. எங்களில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, காலையில் எழும்பினதிலிருந்து என்னென்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். விடிய முன் கிணற்றடி. பிறகு மரக்கறிப் பையோடு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். சந்தையில் சாக்கில் இருந்து வியாபாரம். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் இருப்பதில்லையாம். ஒரு கையில் பை, மறு கையில் கம்பி. பூட்டைத் திறக்க மூன்றாவது கை வேண்டும். திறக்காமல் இருந்தால் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும், ஆட்கள் ஏசுவார்கள். அதனால் நின்றே போய் வந்திருக்கிறார், பல வருடமாக.

"ஏன் அங்கே சொல்லேல்லை?" என்று கேட்டோம்.

"அளவெடுத்தவர் தம்பி மாதிரி ஒரு பெடியன். அந்த நேரம் எப்ப முடியும் எண்டுதான் பிள்ளை இருந்தது."

தொடைக்கு மேல் கால் எடுத்தவருக்குச் சொக்கற் செய்ய, அதாவது எஞ்சிய தொடை நுழையும் கூட்டைச் செய்ய, இடுப்பெலும்பின் அடி வரை தொட்டுப் பார்த்துச் சாந்துத் துணி சுற்றி அச்செடுக்க வேண்டும். அந்த வேளையில் நம் பெண்களில் பலர் வாய் திறப்பதில்லை. கேள்விகளுக்குக் கூட வந்த கணவரோ தமையனோ பதில் சொல்வார். குந்துகிறாளா, சைக்கிள் ஓடுகிறாளா, மாதவிலக்கு நாட்களில் சொக்கற் உரசுகிறதா, கர்ப்பமாயிருந்தபோது என்ன செய்தாள்? இவை எந்த அட்டையிலும் ஏறுவதில்லை. ஆண்கள் திறமையற்றவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குக் கைவேலை பழக்கியவர்களே ஆண்கள்தான். ஆனால் மூட்டைத் தெரிவு செய்வது ஒரு நீண்ட கதை கேட்கும் வேலை. கதை சொல்ல ஆள் கூசினால் தெரிவு பிழைக்கும்.

அந்த அம்மாவுக்கு நான்கு தண்டு மூட்டைப் பொருத்தினோம். அதற்கு முன் இடுப்பின் பின்தசைக்குப் பல வாரம் பயிற்சி. இந்த மூட்டில் குதி ஊன்றும்போது தொடையைப் பின்னே தள்ளப் பழக வேண்டும். முதல் வாரத்தில் "பழையதைத் தாங்கோ" என்று அழுதார். இப்போது பஸ்ஸில் இருந்துதான் போகிறார்.

எல்லோருக்கும் இதே விடை என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியை ஒருவர் பூட்டையே விரும்பிக் கேட்டார். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பித் திரும்பி நாள் முழுக்க நிற்பவர் அவர். மூட்டைப் பற்றி நினைக்காமல் பாடத்தை நினைக்க வேண்டும் என்றார். நியாயம்தானே. இன்னொரு பெண்ணுக்கு வெளிநாட்டு உறவினர் விலையுயர்ந்த எண்ணெய் மூட்டொன்று அனுப்பினார்கள். அழகாக நடந்தார். இரண்டு வருடத்தில் உள்ளிருந்த சீல் கசிந்தது. மாற்ற இங்கே உதிரிப்பாகம் இல்லை. அந்த மூட்டு இப்போது அலுமாரியில் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் அக்காமாருக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்: மூட்டு வாங்கி அனுப்புவதற்கு முன் பொருத்தப்போகும் நிலையத்தோடு ஒரு தடவை பேசுங்கள். பல வேளைகளில் அங்கே தேவைப்படுவது ஒரு பெட்டி புஷ்ஷும் ஆணிகளும்தான்.

ஏனென்றால் மூட்டுகள் தேய்கின்றன. ஐஎஸ்ஓ 10328 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஒரு செயற்கைக் காலை 30 இலட்சம் தடவை மாறி மாறி எடையேற்றிச் சோதிக்கிறார்கள். பெரிய எண்ணாகத் தோன்றும். ஒரு காலால் நாளுக்கு 3,000 அடி வைப்பவர் வருடத்தில் ஏறக்குறைய 11 இலட்சம் அடி வைத்துவிடுவார். மூன்று வருடத்துக்குள் அந்த எண் முடிந்துவிடும். அதுவும் சோதனைச்சாலையில் வயற்சேறு இல்லை, கடற்கரை மணல் இல்லை. "டிக் டிக்" என்று சத்தம் வந்தாலோ, மூட்டு பக்கவாட்டில் ஆடினாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறோம். உப்புத் தண்ணீரில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவும் சொல்கிறோம். விழுந்து கை முறிந்த பிறகுதான் சிலர் வருகிறார்கள். பஸ் காசு இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

போர் முடிந்துவிட்டதே, இன்னும் யாருக்கு இந்தக் கால்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 இல் இணைந்தது. ஆனால் அன்று கால் இழந்த பத்து வயதுப் பிள்ளை இன்று தாய். வாழ்நாள் முழுவதும் சில வருடத்துக்கு ஒரு தடவை புதுக்கால் வேண்டும். அத்தோடு நீரிழிவும் வீதி விபத்தும் புதியவர்களைக் கொண்டுவந்துகொண்டே இருக்கின்றன.

2004 தொடக்கம் ராகமவில் இத்தொழிலுக்கான பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. பௌதிகவியலில் விருப்பம், கையில் பொறுமை, அரத்தூள் தலைமயிரில் படிந்தால் கவலைப்படாத மனம், இவை இருக்கும் பிள்ளைகள் தேநீர் இடைவேளையில் எங்களிடம் வாருங்கள்.

மண்டபத்தின் பின்பக்க மேசையில் நான்கு மூட்டுகளையும் ஒரு கலிப்பரையும் வைத்திருக்கிறோம். எடுத்து மடக்கிப் பாருங்கள். நான்கு தண்டு மூட்டின் இடைவெளிக்குள் மட்டும் விரலை விட்டுவிடாதீர்கள், நசித்துவிடும்.