சோற்றில் தொடங்கிய கடற்படை எழுச்சி



படைவீரர் நலத்தையும் ஒழுங்கையும் பற்றிப் பேசுவோர் 1946 பிப்ரவரி 18ஐ மறத்தலாகாது. பம்பாயில் ‘தல்வார்’ எனும் தகவல்தொடர்புப் பயிற்சித் தளத்தின் மாலுமிகள் அன்று உணவை மறுத்தனர். உண்ணத் தகாத சோறும் பருப்பும், வெள்ளை மாலுமிக்கு ஓர் ஊதியம் இந்தியனுக்கு வேறோர் ஊதியம் என்ற பாகுபாடும், தளத் தலைவர் கிங்கின் வசைமொழிகளும் பொறுக்கவொண்ணாதவை ஆகிவிட்டன. சில நாள்களில் 78 கப்பல்களிலும் 20 கரைத்தளங்களிலும் ஏறத்தாழ 20,000 பேர் எழுந்தனர். காங்கிரஸ், லீக் கொடிகளோடு செங்கொடியும் கப்பல்களில் ஏறிற்று.

அவர்தம் கோரிக்கைகளில் நல்ல உணவோடு, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறுக என்பதும் இடம்பெற்றது. வயிற்றுக்காக எழுந்தவர்கள் அயல்நாட்டு மக்களின் விடுதலைக்காகவும் வாதாடினர். ஆட்சியாளர் இதற்கு இட்ட பெயர் ஒழுங்கீனம். வசைபாடிய அதிகாரிக்கு அச்சொல் பொருந்தாது போலும்!

கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று 22ஆம் நாள் பம்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழிவாங்கல் இராது என்ற படேலின் சொல்லை நம்பி மறுநாள் மாலுமிகள் சரணடைந்தனர். 476 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். விடுதலைக்குப் பின்னர் இந்தியக் கடற்படையும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை.