அரசு காவலாளியா, எசமானா?

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்திற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



மிஷன் பாடசாலையிற் படித்த ஒருவனைச் சைவ வாலிபர் மேடையில் ஏற்றி, "உனக்குச் சரியெனப் பட்டதைப் பேசு" என்று விட்டிருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ சுதந்திரம். அதற்கு இதைவிடச் சிறந்த பாயிரம் வேண்டியதில்லை.

சுதந்திரம் என்றதும் நாம் தேச சுதந்திரத்தையே நினைக்கின்றோம். 1948ஆம் ஆண்டு மாசி 4ஆந் திகதி பிரித்தானிய ஆட்சி நீங்கியது. ஆனால், ஆள்பவன் மாறிய அன்றே ஆளப்படுபவன் சுதந்திரன் ஆகிவிடுகின்றானா? எவர் ஆளுவது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் ஆளலாம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை விடாது கேட்டு வந்தவர்களையே தனிமனித சுதந்திரவாதிகள் என்கின்றோம்.

பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்து தேசத்து ஜோன் லொக், உயிரும் சுதந்திரமும் உடைமையும் அரசன் தந்த வரங்கள் அல்ல, அவற்றைக் காக்கவே அரசு ஏற்பட்டது என்றார். 1974இல் அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்து றொபேட் நொசிக் இன்னும் இறுக்கிச் சொன்னார். வன்முறை, களவு, வஞ்சகம் ஆகியவற்றினின்று மக்களைக் காத்தலும், ஒப்பந்தங்களை நிறைவேற்றுவித்தலுமே அரசின் வேலை. அதற்கு மேற்பட்ட அரசு தனிமனிதனின் உரிமையை மீறுகின்றது என்பது அவர் முடிவு. சுருங்கச் சொன்னால், அரசு வாசலில் நிற்கும் இராக்காவற்காரன். அவன் அடுக்களைக்குள் வந்து உலைமூடியைத் திறந்து பார்க்கலாகாது.

இவ்விருவருக்கும் இடையில் நின்று, நாம் கையில் எடுத்து அளக்கத்தக்க ஓர் அளவுகோலைத் தந்தவர் ஜோன் ஸ்ருவேட் மில். 1859இல் வெளிவந்த "சுதந்திரம்" பற்றிய நூலிலே அவர் சொல்வது இதுதான்: ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்துவதற்கு நியாயம் ஒன்றே, அவன் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுத்தல். அவனுடைய சொந்த நன்மைக்காக என்பது போதிய காரணம் ஆகாது. உளுத்துப்போன பாலத்தின் மேல் ஒருவன் அறியாமற் காலை வைக்கப் போனால் அவனைப் பிடித்து நிறுத்தலாம் என்கிறார் மில். ஆபத்தை அறிந்த பின்னும் போவேன் என்றால், புத்தி சொல்லலாம், கட்டிப்போடலாகாது.

அந்த மில்லும் குற்றமற்றவர் அல்லர். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர், தமது சுதந்திரத் தத்துவம் பின்தங்கிய சமுதாயங்களுக்குப் பொருந்தாதென்று எழுதிவைத்தார். அவர் வகுத்த கோலை அவர் மறுத்த மக்களாகிய நாமே எடுத்து அளப்பதுதான் அதற்குத் தக்க விடை.

அரசிடம் இத்தனை அச்சம் ஏன் என்று பெரியோர் கேட்கலாம். அரசின் கைக்குப் போன அதிகாரம் இலகுவில் திரும்பி வருவதில்லை என்பதே காரணம். 1842இல் இங்கிலாந்தின் பிரதமர் பீல், மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லி வருமான வரியை மீண்டும் கொண்டுவந்தார். அந்த மூன்றாண்டு இன்னும் முடியவில்லை. எமது நாட்டிலே 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கெனவே நிறைவேறிற்று. 1982இல் அந்த எல்லை நீக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் மறியலிற் கிடந்த பிள்ளைகளுக்காக வாசலிற் காத்திருந்த தாய்மாரைப்பற்றி இச்சபைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வரியும் சிறையும் ஒன்றல்ல. ஆயினும் "சிறிது காலத்துக்கு" என்ற சொல்லை நம்புவோர் இரண்டிலும் ஏமாறினர்.

திருவள்ளுவருக்கும் இந்த அச்சம் இருந்தது. கொடுங்கோன்மை என்று ஓர் அதிகாரமே வகுத்து, கோலேந்தி நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் மன்னனை வேலேந்திய வழிப்பறிகாரனுக்கு ஒப்பிட்டார்.

இனி, ஏட்டிலுள்ள தத்துவம் ஆட்சியிற் படும் பாட்டைப் பார்ப்போம். தமிழருள் இதற்கு இராஜாஜியைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1959இல், எண்பது வயதிலே, சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதிச் சீட்டுக்குக் கைகட்டி நிற்கும் நிலையை "லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்" என்று சாடினார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 44 இடங்களைப் பெற்று இந்திய மக்களவையிற் பெரிய எதிர்க்கட்சியாயிற்று. 1974இல் வேறு கட்சியுடன் கலந்து மறைந்தது.

ஆனால் அவர் ஆட்சியில் இருந்தபோது செய்தவற்றை மில்லின் கோலால் அளந்து பாருங்கள். சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்து 1937இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடி குடியைக் கெடுக்கும் என்பது உண்மை. எனினும் குடிப்பவனின் சொந்த நன்மைக்காகச் சட்டம் போடுவதை மில் ஏற்கமாட்டார். 1938இல் பாடசாலைகளிற் கட்டாய இந்தியைப் புகுத்தினார். எதிர்த்து நின்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். 1940இல் அக்கட்டாயம் நீங்கிற்று. பிள்ளையின் நாவிலே எந்த மொழி ஏறவேண்டும் என்று அரசு ஆணையிட்டால் என்ன விளையும் என்பதை இலங்கைத் தமிழருக்கு விளக்கவும் வேண்டுமோ? 1952இல் மீண்டும் முதலமைச்சரானபோது உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பஞ்சம் வரும் என்று அஞ்சியோர் பலர். அரிசியோ கடைக்கு வந்தது. தோட்டக்காரனுக்குத் தன் கிணற்றின் நீர் தெரியும். வியாபாரிக்குத் தன் சந்தையின் தேவை தெரியும். இந்தச் சிதறிக்கிடக்கும் அறிவைத் தலைநகரத்து மேசை ஒன்று திரட்டிக்கொள்ள இயலாது என்று 1945இல் ஹயெக் என்ற பொருளியலறிஞர் எழுதியது இதற்கு உரையாகின்றது.

இராஜாஜியின் செயல்களுள் என் சிந்தையை மிகக் கவர்ந்தது வேறொன்று. 1939ஆம் ஆண்டு ஆடி 8ஆந் திகதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அதுவரை தடுக்கப்பட்ட சாதியினரை வைத்தியநாதையர் அழைத்துச் சென்றார். அப்பொழுது இராஜாஜியின் அரசாங்கம், எல்லாக் கோயில்களையும் உடனே திறவுங்கள் என்று கட்டளையிடவில்லை. திறக்க மனங்கொண்ட தருமகர்த்தாக்களை வழக்கினின்றும் தண்டனையினின்றும் காக்கும் சட்டத்தைச் செய்தது. நன்மை செய்ய எழுந்தவனின் காலிற் கிடந்த விலங்கை அரசு கழற்றிற்று. கோயிற் பிரவேசம் எல்லா இந்துக்களுக்கும் சட்டப்படி உரிமையானது 1947இலேதான்.

அன்பர்களே, இங்கேதான் சுதந்திரவாதம் தன் கடுமையான பரீட்சைக்கு உட்படுகின்றது. மில் அஞ்சியது அரசை மாத்திரம் அன்று. ஊர்வழக்கம், அயலார் ஏளனம், கட்டுப்பாடு என்பவற்றால் சமுதாயமே கொடுங்கோலனாகலாம். அவனுக்குச் சிறைச்சாலை தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே வந்து மனத்தை அடைத்துவிடுவான் என்று கண்டவர் அவர். எமது மண்ணிலே கிணற்றில் நீர் அள்ளக்கூடாது, தேநீர்க்கடையிற் சமமாக இருக்கக்கூடாது, கோயில் வாசலைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் தடுத்தது எந்த அரசு? நாமே அன்றோ! அதனாற்றான் 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வரவேண்டியதாயிற்று. சட்டம் வந்து பதினொரு ஆண்டு கழிந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடியார்கள் உள்ளே செல்லச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று.

"கோயில் எங்களுடையது, எவரை விடுவது என்பது எங்கள் சுதந்திரம்" என்று சொல்லுவோர் இருந்தனர். என் வீட்டுக்கு எவர் வரலாம் என்பது என் சுதந்திரம் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் ஊரார் காணிக்கையிற் கட்டி, ஊர் முழுவதற்கும் அருள் வேண்டிக் கொடியேற்றுங் கோயில் ஒருவரது வீடாகுமா? பிறரின் வழியை மறித்து நிற்பது சுதந்திரம் ஆகாது. அது மில் சொன்ன தீங்கே ஆகும். ஆகவே 1957ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான சட்டம் என்பது என் துணிபு. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்பது எமக்கு நாணம்.

நொசிக்குடன் இன்னோர் இடத்திலும் நான் வேறுபடுகின்றேன். உழைப்பின் ஊதியத்துக்கு வரி வாங்குதல் கட்டாய வேலை வாங்குதலை ஒக்கும் என்றார் அவர். 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவன் நான். ஊர்பேர் தெரியாத பலருடைய வரியிலேதான் படிக்கின்றேன். படிப்பற்றவனுக்குச் சுதந்திரம், பூட்டிய பெட்டியிலுள்ள பொன் போன்றது. ஆனால் கல்விக்குப் பணம் தரும் அரசு, எதை நினைக்க வேண்டும் என்பதையும் கற்பிக்க முற்பட்டால், அங்கே நான் நொசிக்கின் பக்கம் சென்றுவிடுவேன்.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? எடுத்ததற்கெல்லாம் அரசியல்வாதியின் வாசலுக்குப் போவதை விடுவோம். வாசிகசாலையின் கூரையை நாமே வேய்ந்தால், அதன் திறப்பு நம் கையில் இருக்கும். நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்பவனையும் பேச விடுவோம். எதிர்ப்பைக் காணாத உண்மை, பொருளறியாது மனனஞ் செய்த பாட்டுப் போல் உயிரற்றுப் போகும் என்பது மில்லின் எச்சரிக்கை. சமயத்துக்கும் அது பொருந்தும். பெண்பிள்ளை என்ன படிப்பது, இளைஞன் எத்தொழில் செய்வது, யாரை மணப்பது என்பவற்றில் பெரியோர் புத்தி சொல்லுங்கள், நாங்கள் கேட்போம். பாலத்தின் பலவீனத்தைக் காட்டுங்கள். கயிற்றை மாத்திரம் எடுக்காதீர்கள்.

இளைஞர்களே, நீதி செய்யாத ஊர் தன் வாசலுக்குப் பொலிசைத் தானே அழைக்கின்றது. தன் பிழையைத் தானே திருத்தும் ஊருக்கோ, அரசைப் பார்த்து "அப்பால் நில்" என்று சொல்லும் தகுதி உண்டு. அரசு காவலாளியாக நிற்பதும் எசமானாக வந்து அமர்வதும் பெரும்பாலும் நம் நடத்தையைப் பொறுத்தது. அத்தகுதியைச் சங்க இளைஞர் தேடிக்கொள்வார்களாக என வேண்டி அமைகின்றேன்.