பாசறையும் எண்ணெய்க் கிணறும்



பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. அதன் அடிகள் 103. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் அதனைப் பாடினார். அவ்வளவில் சிறிய பாட்டில் ஏறத்தாழ பாதி இடத்தைப் பாசறை பிடித்துக்கொள்கிறது. காட்டை வெட்டித் திருத்திய நிலம், முள்வேலி, தழை வேய்ந்த கூரைகள், தெருக்கள்போல் வகுத்த இடைவெளிகள், வடமொழிச் சொல்லால் யானையைப் பழக்கும் பாகர், யவனர் அமைத்த பள்ளியறை, பேச்சின்றிச் சைகையால் உணர்த்தும் காவலர், நீர்க்கடிகையால் பொழுதை அளந்து சொல்வோர், உறக்கக் கலக்கத்தில் அசையும் மெய்க்காப்பாளர் ஆகிய இத்தனையும் அங்கே உண்டு. நடுவே ஒருவன் உறக்கமின்றி இருக்கிறான். தொலைவில் ஒருத்தி மழைநீர் சொரியும் ஓசையைக் கேட்டுக் கிடக்கிறாள்.

உரையாசிரியர்கள் இப்பாட்டைத் தலைவியின் ஆற்றியிருத்தல் என்னும் முல்லை உரிப்பொருளுக்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் போற்றினர். ஆயின் புலவர் தலைவியின் மாளிகைக்குக் கொடுத்த நுணுக்கத்திற்குச் சற்றும் குறையாத நுணுக்கத்தைப் பாசறைக்கும் கொடுத்தார் என்பது போதிய அளவு எண்ணப்படவில்லை. பிரிந்து சென்றவன் எங்கே படுக்கிறான், அவனைச் சுற்றி எந்த மொழி ஒலிக்கிறது, அவனுக்குப் பொழுதைச் சொல்பவர் யார் என்று அப்புலவர் கேட்டறிந்திருக்கிறார். பொருள்வயிற் பிரிவைப் பாடும் இக்காலக் கவிஞர் பலர் கேளாது விட்ட வினாக்கள் இவை. பாலைவனம், ஒட்டகம், கடிதம், கண்ணீர் என்று நான்கு சொற்களில் வளைகுடாவை முடித்துவிடும் கவிதைகள் ஏராளம். அந்தப் பாலைவனத்தில் ஒருவன் செய்யும் வேலை இன்னதென்று அவற்றைக் கொண்டு அறிய இயலாது.

எண்ணெய்த் துரப்பண முகாம் இக்காலப் பாசறைகளுள் ஒன்று. சவூதி அரேபியாவின் வெறுமைப் பாலை எனப்படும் ரூப் அல் காலியின் உள்ளே ஷைபா என்னும் எண்ணெய் வயல் இருக்கிறது. 1968இல் அங்கே எண்ணெய் கண்டறியப்பட்டும் உற்பத்தி தொடங்க 1998 வரை முப்பது ஆண்டுகள் கழிந்தன. மணற்குன்றுகள் முந்நூறு மீட்டர் அளவு உயரமுடையவை. சாலையும் விமானத்தளமும் அமைத்து, அறுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் குழாய் பதித்த பின்னரே அந்த எண்ணெய் வெளியே வந்தது. இத்தகைய இடங்களில் துரப்பணக் கோபுரம் ஒரு கிணற்றை முடித்ததும் அடுத்த இடத்திற்குப் பெயர்கிறது. கோபுரத்தோடு முகாமும் பெயர்கிறது. உறங்கும் அறை, உணவுக்கூடம், தொழுமிடம், மருத்துவர் அறை அனைத்தும் லாரியில் ஏற்றத்தக்க போர்ட்டா கேபின்களே. வாசலில் ஒரு செடி வைத்தவன் அது வேர் பிடிக்கும் முன்னரே புறப்பட வேண்டியவனாகிறான்.

வேலையோ இடையறாதது. நாள் இரண்டு பன்னிரண்டு மணி நேரங்களாகப் பிளக்கப்படுகிறது. ஒரு துரப்பணக் குழாயின் நீளம் ஏறத்தாழ முப்பது அடி. நிலத்துள் செல்லச் செல்ல ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இணைத்துக்கொண்டே போவர். அடியில் பாறையை அரைக்கும் பிட் தேய்ந்துவிட்டால், ஆயிரக்கணக்கான அடி நீளமுள்ள அந்தக் குழாய்த் தொடர் முழுவதையும் வெளியே இழுத்து, மும்மூன்றாகக் கழற்றிச் சாத்தி, புதிய பிட்டைப் பூட்டி, மீண்டும் அத்தனையையும் இறக்குதல் வேண்டும். கோபுரத்தின் உயரே ஒரு குறுகிய பலகையில் நின்று குழாய்த் தலைகளைப் பிடித்துச் சாத்துபவர் டெரிக்மேன். கீழே சேறும் எண்ணெயும் படிந்த தளத்தில் இடுக்கி பிடிப்போர் ரஃப்நெக் எனப்படுவர். குழாயின் உள்ளே இறங்கிப் பாறைத்தூளைச் சுமந்து வெளிப்புறமாக மேலேறும் குழம்புக்கு மட் என்று பெயர். பிட்டைக் குளிர்விப்பதும், பூமியின் அழுத்தம் சீறி வெளியேறாதவாறு தன் எடையால் அடக்கி வைப்பதும் அந்தக் குழம்பே. அதன் எடையில் நேரும் பிழை ஒரு முகாமையே அழிக்க வல்லது. சேறு என்று சொல்லி எளிதில் கடந்துபோகத்தக்க பொருளன்று அது.

இன்னொரு பொருளையும் கவிஞர் கருத வேண்டும். முகாமின் உயரமான இடத்தில் ஒரு துணிக்குழல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அது அழகுக்காகக் கட்டிய கொடியன்று. காற்றின் திசையைக் காட்டுவது. சில கிணறுகளில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டு. குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போவதால் நாற்றம் அற்றுவிடும். நாற்றம் போய்விட்டதென்று மகிழ்பவன் இறப்பை நெருங்கியவனாவான். எச்சரிக்கை மணி ஒலித்ததும் துணிக்குழலைப் பார்த்து, காற்று வரும் திசைக்கும் கருவிகள் காட்டும் வழிக்கும் ஏற்ப ஓடுமாறு முதல் நாளே பயிற்றுவிப்பர். முகாமையே காற்று வரும் பக்கத்தில், கிணற்றிலிருந்து விலக்கி அமைப்பதும் இக்கருத்தினால்தான். காற்றைத் தூது விடுத்த கவிதை மரபுக்குப் பழகியவர் இந்தக் காற்றையும் அறிதல் நன்று.

முல்லைப்பாட்டில் நள்ளிரவில் மணியின் நா அடங்குகிறது. எண்ணெய் முகாமில் அடங்குவது ஒன்றுமில்லை. மின்னாக்கிகள் இரைய, உற்பத்தி நடக்கும் இடங்களில் மிகை வாயு எரியும் சுடர் வானத்தைச் செம்மையாக்கிக்கொண்டேயிருக்கும். இரவுப் பணியாளன் பகலில் சாளரத்தை மூடி இருளை உண்டாக்கிக்கொள்வான். இடம் நெருக்கமான கடல் மேடைகளில் ஒருவன் எழுந்த அறையிலேயே மற்றொருவன் வந்து படுப்பதும் உண்டு. ஓரறையில் இருந்தும் ஒருவர் விழித்த முகத்தை மற்றவர் காண்பது அரிது.

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் வழக்கு. கடலெண்ணெய்த் தொழில் நெடுங்காலம் அவ்வழக்கையே பின்பற்றியது. இன்று பெண் பொறியாளர்களும் மேடைகளில் பணிபுரிகின்றனர் என்பது உண்மை; எண்ணிக்கைதான் சிறிது. இதற்கு மாறான ஒரு முயற்சி காஸ்பியன் கடலில் நடந்தது. பாகு நகருக்குக் கிழக்கே, கப்பல்களை மூழ்கடித்து அடித்தளமாக்கி, இரும்புத் தூண்களின்மேல் எழுப்பிய ஊர் நெஃப்ட் டஷ்லாரி. எண்ணெய்ப் பாறைகள் என்பது அப்பெயரின் பொருள். 1949 நவம்பரில் அங்கே எண்ணெய் கிடைத்தது. அதன் பின்னர் மாடிக் குடியிருப்புகளும் ரொட்டிக்கூடமும் பூங்காவும் கடல்மேல் எழுந்தன. ஆடவரோடு பெண்டிரும் அங்கே பணி செய்தனர். ஆயினும் அதுவும் முறைவைத்துச் சென்று திரும்பும் இடமேயன்றி வாழ்ந்து முதுமையடையும் ஊராகவில்லை. கடலில் நட்ட பூங்காவுக்கு மண்ணைக் கரையிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது.

பழைய பிரிவுக்குக் கார்காலம் எல்லை. இக்காலப் பிரிவுக்குப் பணிமுறையே எல்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் அளவில் உள்ள பாம்பே ஹை வயலில் 1974இல் சாகர் சாம்ராட் என்னும் துரப்பணக் கலம் எண்ணெயைக் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் கரை என்பது நிரந்தரப் பணியாளர்க்குரிய முறை. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அத்தகைய முறையான ஓய்வு வாய்ப்பதில்லை; மாதக்கணக்கில் கலத்திலேயே தங்குவோர் உண்டு. ஒரே மேடையில், ஒரே உணவுக்கூடத்தில் இரண்டு வகைப் பிரிவுகள் நிகழ்கின்றன. அகத்திணை இலக்கணம் இதற்கு ஒரு பெயர் வைத்திலது. நாள் எண்ணிச் சுவரில் கோடிட்ட தலைவியை அவ்விலக்கணம் அறியும். எண்ண நாளே தரப்படாத தலைவிக்கு அவள் சுவரில் இடம் உண்டா என்பது கவிஞர் விடையிறுக்க வேண்டிய வினா.

இத்தொழிலின் பெரும் விபத்துகளை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஒரு செய்தி புலப்படும். உயிரிழப்பு மிகுந்தது பல வேளைகளில் வேலைத்தளத்தில் அன்று, உறையுளில். 1980 மார்ச் 27 மாலை நார்வேயின் கடலெல்லையில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மிதவை கவிழ்ந்தது. துரப்பணத்திற்காகக் கட்டப்பட்டு, தொழிலாளர் தங்குமிடமாகப் பயன்பட்டு வந்த மிதவை அது. இருந்தவர் 212 பேர். இறந்தவர் 123 பேர். பலர் வேலை முடிந்து உணவுக்கூடத்திலும் திரைப்பட அறையிலும் இருந்தனர். ஒரு கருவியைப் பொருத்துவதற்காக இடப்பட்ட ஆறு மில்லிமீட்டர்ப் பற்றவைப்பில் தோன்றிய விரிசல் காலப்போக்கில் வளர்ந்து தாங்குகோலை முறித்தது என ஆய்ந்தறிந்தனர். 1988 ஜூலை 6 இரவு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்தபோது 167 பேர் மாண்டனர். மிகப் பலர் உறையுட் பகுதியில் கட்டளைக்கும் ஹெலிகாப்டருக்கும் காத்திருந்து புகையால் மூச்சடைத்து இறந்தனர். கட்டளைக்குக் காத்திராமல் தாமே வழிதேடிக் கடலை அடைந்தோரே தப்பிய 61 பேரில் பெரும்பாலோர். 2021 மே மாதம் டவ்தே புயலில் பாம்பே ஹை வயலருகே பி-305 என்னும் தங்குமிடப் படகு மூழ்கியது. அதில் இருந்த 261 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புயல் எச்சரிக்கை முன்னரே விடப்பட்டிருந்தது. அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர். படகு அவர்களுக்கு வீடு.

எண்ணெய் ஏன் இலக்கியமாகவில்லை என்னும் வினாவை 1992இல் அமிதவ் கோஷ் ஒரு கட்டுரையில் எழுப்பினார். மிளகும் ஏலமும் தேடிய கடற்பயணங்கள் பெருங்காப்பியங்களுக்குப் பொருளாயின. எண்ணெயின் சந்திப்பு அவ்வாறு ஆகவில்லை என்பது அவர் கருத்து. பன்மொழி பேசுவோர் கலந்து கலைந்துபோகும் இடம் அது என்பதை அவர் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். அக்கட்டுரைக்கு வாய்ப்பளித்தவை அப்துல் ரஹ்மான் முனீஃபின் நாவல்கள். எண்ணெய்ப் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று அத்துறையிலேயே பணியாற்றிய முனீஃப், 1984இல் வெளியிடத் தொடங்கிய உப்பு நகரங்கள் என்னும் நாவல் தொடரில், ஒரு சோலை அழிவதையும் ஒரு துறைமுகம் இரண்டு ஊர்களாகப் பிளவுபடுவதையும் எழுதினார். அமெரிக்கருக்குக் குளிரூட்டிய வீடு, அரபியருக்கு வேறு குடியிருப்பு. அது வெறுங்கற்பனையன்று. தஹ்ரானில் தொடக்கக் காலத்தில் அரபுத் தொழிலாளர் ஓலைக் குடில்களிலும் கூடாரங்களிலும் இருத்தப்பட்டனர். 1953இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் குறைகளுள் உறையுளும் ஒன்று. கோஷின் வினா கூர்மையானது. ஆயினும் மொழிக்கலப்பு தடை என்பதை முல்லைப்பாட்டைக் கற்றவர் முழுதும் ஏற்பதற்கில்லை. பாகரின் அயன்மொழியையும் காவலரின் சைகையையும் பாட்டுக்குள் கொண்டுவர நப்பூதனார்க்கு இடர் ஏதும் நேரவில்லை.

முல்லைக்குரிய கார்காலம் தலைவன் திரும்பும் காலம். பாம்பே ஹையில் அது ஹெலிகாப்டர் பறக்க இயலாத காலம். 2005 ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மறுநாள் கடலில் இருந்த சமுத்ர சுரக்ஷா என்னும் உதவிக் கப்பலில் ஒரு சமையற்காரர்க்கு விரல்கள் வெட்டுப்பட்டன. வானூர்தி வழி அடைந்திருந்தமையால், மருத்துவ உதவி வேண்டி, அவரைக் கிரேன் கூடையில் வடக்கு மேடைக்கு ஏற்ற அக்கப்பல் மேடையை அணுகியது. அலை தூக்கி எறிய, கப்பல் வாயுக்குழாயில் மோதியது. இரண்டு மணி நேரத்தில் மேடை கடலில் வீழ்ந்தது. 362 பேர் மீட்கப்பட்டனர். 22 பேர் மாண்டனர்.

தீப்பற்றிய கப்பலையும் கைவிட்டனர். அதன் அழுத்த அறைக்குள் ஆறு முக்குளிப்போர் இருந்தனர். ஆழ்கடலின் அழுத்தத்திற்குப் பழக்கப்பட்ட உடல்கள் அவை. கதவைத் திறந்தால் குருதி நுரைக்கும். அழுத்தம் குறைத்து வெளியே கொணர நாட்கள் வேண்டும். வெளியே கப்பல் எரிய, ஆளற்ற கலத்தின் உள்ளே அறுவரும் காத்திருந்தனர். 36 மணி நேரங்கழித்து அவர்கள் மீட்கப்பட்டனர். ஆகஸ்ட் முதல் நாள் அக்கப்பல் மூழ்கியது.